சிறுகுடலுக்குள் ஒரு துண்டு இரைப்பை

திசு ஆய்வகத்தில் ஸ்லைடு போடுவது என் வேலை. திசுவைப் பதித்த பாரஃபின் மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் நான்கு மைக்ரான் தடிமனுக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்திச் சாயம் ஏற்ற வேண்டும். பதினொரு வருடமாகச் செய்கிறேன். ஆனாலும் போன மாதம் வந்த ஒரு ஸ்லைடு மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஸ்லைடு பார்த்து நோயைச் சொல்லும் எங்கள் டாக்டர் மேடம் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். "இது எந்த இடம், சொல்லுங்க பார்ப்போம்."

ரோஸ் நிறத்தில் உருண்டை உருண்டையாக, நடுவில் நீலப் பொட்டு வைத்தாற்போல் செல்கள். அமிலம் சுரக்கும் பரைட்டல் செல்கள்தான், சந்தேகமே இல்லை. "இரைப்பை, மேடம்" என்றேன்.

"சிறுகுடலோட கடைசிப் பகுதி. ஏழு வயசுப் பையன். மலத்துல ரத்தம் போகுதுன்னு ஆபரேஷன் பண்ணியிருக்காங்க."

மெக்கல் டைவர்டிகுலம். கருவில் மஞ்சள்கருப் பையையும் குடலையும் இணைக்கும் குழாய், குழந்தை பிறப்பதற்கு வெகு முன்பே மறைந்துவிட வேண்டும். நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு அதில் கொஞ்சம் மிஞ்சி, குடலில் சிறு பையாகத் தங்கிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. சிலருக்கு அந்தப் பைக்குள் இரைப்பைத் திசு வளர்ந்து, அது சுரக்கும் அமிலம் பக்கத்துக் குடலைப் புண்ணாக்கிவிடும். இந்தப் பையனுக்கு நடந்தது அதுதான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இரைப்பை ஆவதா, குடல் ஆவதா என்பது ஒரு செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

நான்காவது வாரத்தில் கருவுக்குள் இருப்பது வெறும் ஒரு குழாய். உணவுக்குழாய், இரைப்பை, குடல், கல்லீரல், கணையம் எல்லாவற்றின் உள்படலமும் அதிலிருந்துதான் வரவேண்டும். எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. எந்த மரபணு எங்கே விழித்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். குழாயின் முன்பாதியில் சாக்ஸ்2 என்ற மரபணு, பின்பாதியில் சிடிஎக்ஸ்2 என்ற மரபணு. இவை உண்டாக்கும் புரதங்கள் டிஎன்ஏ மேல் உட்கார்ந்து மற்ற மரபணுக்களைத் திறக்கும், மூடும். இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் எல்லை இவற்றால்தான் விழுகிறது. சுற்றியிருக்கும் திசுவுக்கும் இதில் பங்கு உண்டு. இரைப்பையைப் போர்த்தியிருக்கும் அடுக்கில் பார்எக்ஸ்1 என்ற மரபணு இல்லாத எலிகளில், இரைப்பையின் உள்ளே குடல் செல்கள் முளைத்துவிடுகின்றன.

சிடிஎக்ஸ்2 எனக்குப் பழகிய பெயர். கல்லீரலில் ஒரு புற்றுக்கட்டி இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றால் மேடம் கேட்கும் சாயங்களில் இதுவும் ஒன்று; ஏறினால் குடலிலிருந்து வந்திருக்கலாம். ஸ்லைடைப் பிரஷர் குக்கரில் வைத்து (ஆமாம், நம் வீட்டுக் குக்கரேதான்) வேகவைத்து, அந்தப் புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடி ஊற்றி, கடைசியில் பழுப்புச் சாயம் விடுவோம். சாயம் சரியாக ஏறுகிறதா என்று பார்க்கக் கூடவே ஒரு பெருங்குடல் துண்டும் வைப்பேன். அதன் சுரப்பிகளில் ஒவ்வொரு நியூக்ளியஸும் கருப்பட்டி நிறத்தில் எழும்பி வரும். குடலாக வேண்டும் என்று கருவில் எழுந்த அதே புரதம், அறுபது வயது மனிதரின் குடலில் இன்னும் வேலையில் இருக்கிறது! இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அது இல்லாவிட்டால்? 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எலிக்கருவின் குடல் படலத்தில் சிடிஎக்ஸ்2வை நீக்கிப் பார்த்தார்கள். குடல் இருக்க வேண்டிய இடத்தில் உணவுக்குழாய் போன்ற பல அடுக்குப் படலம் வந்தது. 2014இல் நெதர்லாந்தில் செய்த ஆய்வு இன்னும் வியப்பு. வளர்ந்த எலியின் குடலில் புதுச் செல்களை உண்டாக்கும் தண்டுச் செல்களில் அதை நிறுத்தியதும், அவை இரைப்பைச் செல்களாகத் திரும்பின. அப்படியென்றால் குடல் ஒரு தடவை குடலாகிவிட்டால் போதாது, வாழ்நாள் முழுக்கக் குடலாகவே நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது.

கணையத்தின் கதை வேறு. அதற்கு பிடிஎக்ஸ்1 வேண்டும். 1997இல் வந்த ஓர் ஆய்வில், கணையமே இல்லாமல் பிறந்த ஒரு குழந்தைக்கு இந்த மரபணுவின் இரண்டு பிரதியிலும் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து விடுபட்டிருந்தது தெரியவந்தது. ஒரே ஓர் எழுத்து. ஓர் உறுப்பே இல்லை.

பையன் தேறி வீட்டுக்குப் போய்விட்டானாம். அவனுடைய திசு இருக்கும் பாரஃபின் கட்டியிலிருந்து இன்னொரு துண்டு சீவி, சிடிஎக்ஸ்2 சாயம் போட்டுப் பார்க்கலாமா என்று மேடத்திடம் கேட்டிருக்கிறேன். சரி, வெள்ளிக்கிழமை வேலை குறைவாக இருந்தால் போடலாம் என்றார்.