எபோஷியைத் திட்ட மனசு வரவில்லை

1997-இல் வந்த, ஹயாவோ மியாசாகி இயக்கிய ஜப்பானிய அனிமேஷன் படம் 'பிரின்சஸ் மோனோநோகே'யைப் பார்த்த எல்லாரும் ஓநாய்களிடம் வளர்ந்த சானைத்தான் கொண்டாடுகிறார்கள். சரி, கொண்டாட வேண்டியவள்தான். குண்டடி பட்ட ஓநாய்த் தாய் மோரோவின் காயத்திலிருந்து ரத்தத்தை உறிஞ்சித் துப்பிவிட்டு, வாயைத் துடைத்தபடி ஆற்றுக்கு அந்தப்பக்கம் நிற்கும் நாயகன் அஷிதாகாவை முறைக்கிறாளே, அந்த ஒரு ஷாட் போதும்.

ஆனால் எனக்குப் பிடித்தவள் இரும்பு உருக்கும் ஊரின் தலைவி எபோஷி. காட்டை அழிப்பவளே அவள்தான்: இரும்பு உருக்கக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். அப்புறம் பார்த்தால், விபசார விடுதிகளுக்கு விற்கப்பட்ட பெண்களை மீட்டு வந்து வேலை கொடுத்தவளும், யாரும் தொடாத தொழுநோயாளிகளின் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டவளும் அவளேதான். உலைக்களத்தில் அந்தப் பெண்கள் ராட்சதத் துருத்தியை மிதித்துக்கொண்டே அஷிதாகாவைக் கிண்டலடிக்கிற காட்சியைப் பாருங்கள், மரத்தை வெட்டாதே என்று இவர்களிடம் யார் போய்ச் சொல்வது? 1984-இல் மியாசாகி எடுத்த 'நௌசிகா'விலேயே குஷானா என்று ஒருத்தி உண்டு, காட்டைக் கொளுத்தக் கிளம்பியவள், ஆனால் எபோஷி அளவுக்கு அவள் மனதில் ஒட்டவில்லை.

பார்ப்பதென்றால் ஜப்பானிய மொழியிலேயே பாருங்கள். தாய் ஓநாய்க்குக் குரல் கொடுத்திருப்பவர் அகிஹிரோ மிவா என்ற ஆண் நடிகர். கேட்டால் அடிவயிறு கலங்கும்.