எங்கள் தெரு மோரியை அளந்த கதை

ஈஜிபுராவில் எங்கள் தெருக்காரர்களுக்கு இடிச் சத்தம் கேட்டால் முதல் வேலை, ஸ்கூட்டரை மேட்டு வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவது. 2022 செப்டம்பரில் பெங்களூரில் ஒரே நாளில் 131.6 மி.மீ. கொட்டியபோது எங்கள் கட்டில் கால் நனைந்தது. புகார் கொடுத்தால் ஆட்கள் வருவார்கள். தெருவோர மழைநீர்க் கால்வாயான மோரியிலிருந்து சேற்றை அள்ளி அதன் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவார்கள். அடுத்த மழை அதை உள்ளே தள்ளிவிடும். 'மோரி சின்னது, பெருசா கட்டணும்' என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பக்கத்து வீட்டு மேஸ்திரி அண்ணன் மட்டும், "அளக்காம எப்படி தம்பி சொல்றது?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரை போட்டு ஸ்லாப்புகளைத் தூக்கினோம். விஷவாயு இருக்கும் என்று ஒரு மணி நேரம் அப்படியே திறந்து வைத்தோம். யாரும் உள்ளே இறங்கவில்லை. மேலிருந்தே கம்பி விட்டு அளந்தோம். அகலம் 2 அடி, ஆழம் இரண்டரை, அதில் ஒரு அடி சேறு. சேறு பாதி ஆழம்கூட இல்லையே என்றேன். ஆனால் இடம் குறைவதோடு ஓட்டத்தின் வேகமும் குறைகிறதாம். கணக்குப் போட்டால் போகக்கூடிய தண்ணீர் ஏறக்குறைய பாதிதான். ஒன்பது வீட்டு அடுப்படிக் குழாய் மழைநீர் மோரிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று எங்களுடையது. அன்று வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பிறகு டியூப் மட்டம். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயைப் பதினைந்து இடத்தில் பிடித்துச் சுவரில் பென்சில் கோடு போட்டோம். தெரு முழுக்கச் சரிவு ஒழுங்காகத்தான் இருந்தது. கடைசியில் ராஜகாலுவேயில், அதாவது ஊரின் பெரிய மழைநீர்க் கால்வாயில், சேருமிடத்துச் சின்னப் பாலத்தின் அடித்தளம் மட்டும் மோரியின் அடிமட்டத்தைவிட 5 அங்குலம் உயரம்! தார்மேல் தார் போட்டு ரோடு ஏறிக்கொண்டே போக, அந்த உயரத்துக்கே பாலத்தையும் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். போதாததற்கு அதன் வாயில் குறுக்கே ஒரு குடிநீர்க் குழாய்; அதில் சிக்கிய கவர்களும் இளநீர் மட்டைகளும். மோரியை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் அங்கே வந்து தண்ணீர் நிற்கத்தான் செய்யும்.

அளவுகளை ஒரே தாளில் எழுதி மாநகராட்சி இன்ஜினியரிடம் கொண்டுபோனோம். "பொதுமக்கள் அளவை எப்படி நம்புறது?" என்றார் அவர். சரி, நீங்களே வாங்க சார் என்றோம். கருவியோடு வந்து பார்த்தார். எங்கள் அளவுக்கும் அவர் அளவுக்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம். மேஸ்திரி அண்ணன் அன்று முழுக்க மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

பாலத்தின் தளத்தை உடைத்து இறக்க நான்கு நாள். குழாயை மாற்ற இன்னொரு அலுவலகத்தின் அனுமதிக்கு ஏழு மாதம்.

இப்போது சாதாரண மழைக்கு முக்கால் மணி நேரத்தில் தெரு வடிந்துவிடுகிறது. முன்பு விடியும்வரை நிற்கும். ஆனால் பெல்லந்தூர் ஏரிப் பக்கம் போகிற ராஜகாலுவேயே நிரம்பிவிட்டால் தண்ணீர் எதிர்த்து உள்ளே வருகிறது. அதைத் தடுக்க ஒருபக்கம் மட்டும் திறக்கிற மடைக்கதவு கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அதுவரை ஸ்கூட்டர் மேட்டு வீட்டில்தான்.