ஆடியில் நட நினைத்த மாங்கன்று ஐப்பசியில் மண்ணுக்குப் போனது

சித்திரையில் தொடங்கினோம், ஆடியில் நட்டுவிடலாம் என்று கணக்கு. நட்டு முடித்தது ஐப்பசி கடைசியில். நடவுக்கு ஆனது இரண்டு நாள்தான், மீதி அத்தனையும் காகிதம் தின்றது.

குடியாத்தம் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் கொல்லை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுப் போட்டு அலுத்த செம்மண். ஆளும் கிடைக்கவில்லை, மழையும் சொன்னபடி வரவில்லை. பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது, போர்த் தண்ணீரை அளந்து விட வேண்டிய நிலை. அதனால் மாவும் சொட்டுநீரும் என்று அப்பா முடிவு செய்தார். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் முழு மானியத்தில் கிடைக்கும், மற்றவர்களுக்கு 75 சதவீதம். இரண்டரை ஏக்கருக்குள் இருந்தால் குறு விவசாயி. நமக்கு என்ன தடை என்று அரசின் உழவன் செயலியில் பதிந்தேன். அந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

தடை தாத்தா ரூபத்தில் வந்தது. குறு விவசாயி சான்று வாங்க நிலம் அப்பா பெயரில் இருக்க வேண்டும். பட்டாவோ பதினெட்டு வருடம் முன்பு இறந்துபோன தாத்தா பெயரில். வீட்டில் யாரும் அதை மாற்ற நினைக்கவே இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

வாரிசுச் சான்றுக்கு எழுதினோம். அதில் அத்தை பெயரை விட்டுவிட்டோம். "கட்டிக் கொடுத்த பொண்ணுதானே" என்று ஊரில் ஒருவர் சொன்னதைக் கேட்ட வினை. விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. இதில் அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது, முழுக்க எங்கள் தப்பு. சித்தூரிலிருந்து அத்தை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, "நிலத்துக்கு நான் வேணாம், கையெழுத்துக்கு மட்டும் வேணுமா?" என்று கேட்டார். அப்பாவிடம் பதில் இல்லை.

அடுத்து பட்டா மாற்றத்துக்குத் தாத்தாவின் கிரயப் பத்திரம். கணினி முன்னால் இருந்த பையன் அதைப் புரட்டிவிட்டு, "வட ஆற்காடுன்னு ஒரு மாவட்டமே லிஸ்ட்ல இல்லையே சார்" என்றான். 1989-இல் அது பிரிந்ததையும், 2019-இல் வேலூரே மூன்றாகப் பிரிந்ததையும் நின்றுகொண்டு பாடம் எடுக்க வேண்டியதாயிற்று. அது முடிந்தால் பெயர்ச் சிக்கல். பத்திரத்தில் முனுசாமி, இறப்புச் சான்றில் முனிசாமி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனால், அந்த வேலையைப் பார்க்கும் எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே, "சர்வேயர் லீவு, திங்கட்கிழமை வாங்க" என்றார். மூன்று திங்கட்கிழமை இதே பதில். நாலாவது முறை ஒரு ஒப்புகைச் சீட்டு கேட்டேன். அப்போதுதான் முகத்தைப் பார்த்தார். எந்த மனு கொடுத்தாலும் எண்ணோடு சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கடைசியில் மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா வந்தது. அது வந்த பிறகும் சித்தப்பா, அத்தை இருவரின் சம்மதமும், நிலத்தில் உழுவது அப்பாதான் என்று கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) தரும் சான்றும் கேட்டார்கள். கிணறோ போரோ அடங்கலில், அதாவது ஊர் நிலக் கணக்கில், ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுடையது ஏறியிருந்தது, புண்ணியம்.

இதற்குள் ஆடி வந்துவிட, பொறுக்க மாட்டாமல் ரோட்டோர நர்சரி ஒன்றில் நாற்பது கன்று வாங்கினேன். எல்லாமே ஒட்டுக்கன்று என்று சத்தியம் செய்தார்கள். அப்பா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் பதினொன்றை ஓரமாக எடுத்து வைத்தார். ஒட்டுக்கன்றில் அடித்தண்டில் ஒட்டிய இடம் வடுவாகத் தெரியும், கையில் தட்டும். இந்தப் பதினொன்றும் வழவழவென்று இருந்தன. கொட்டை போட்டு முளைத்தவை. அது காய்க்க ஏழெட்டு வருடம் ஆகலாம், தாய் மரத்துப் பழமாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் "வித்தது வித்ததுதான்" என்றார்கள். அந்த நர்சரியில் பில்லும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. மீதிக் கன்றுகளைத் தோட்டக்கலைத் துறையில்தான் வாங்கினோம். பங்கனப்பள்ளி, பெங்களூரா என்று இரண்டு ரகம் வந்தன, ஒன்றுகூடச் சோடை இல்லை.

குழி விஷயத்திலும் அவசரப்பட்டேன். வைகாசியிலேயே மீட்டருக்கு மீட்டர் வெட்டி வைத்தாயிற்று. காகிதம் இழுக்க இழுக்க மழையில் கரை சரிந்து, ஒரு குழியில் பக்கத்துக் கொல்லைக்காரர் ஆடு விழுந்து, அது ஒரு தனிப் பஞ்சாயத்து. அனுமதி கைக்கு வந்த பிறகு வெட்டுங்கள். மேல்மண்ணைத் தனியாகப் போட்டு, பத்து கிலோ மக்கிய எருவும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் கலந்து மூடினோம்.

பத்து மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு நாற்பது மரம், ஐந்து மீட்டர் என்றால் நூற்று அறுபது. ஐந்துதான் வைத்தோம். வருடா வருடம் கவாத்து செய்யாவிட்டால், அதாவது கிளையை வெட்டி விடாவிட்டால், கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் என்பது தெரிந்துதான். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளி எறிய வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டு போய் அடிக்கன்றுதான் வளரும்.

சொட்டுநீர்க் குழாய் ஒரே நாளில் போட்டார்கள். நிலத்தில் வைத்துப் படம் எடுக்கும்போது மட்டும் பெயருக்குரியவர் நிற்க வேண்டுமாம். அப்பா கல்யாணத்துக்கு ஆம்பூர் போயிருந்தார். அதனால் இன்னொரு நாள்.

கரையானுக்கு ஒன்பது கன்று போயிற்று, மற்றவை நிற்கின்றன. இடையில் மல்லாட்டையும் காராமணியும் போட்டிருக்கிறோம், மரம் நிழல் கட்டும்வரை செலவுக்கு அதுதான். வரப்பை உயர்த்தியதிலிருந்து மழைக்குச் செந்தண்ணீர் ஓடைக்குப் போவது குறைந்திருக்கிறது. தையில் சில கன்றுகள் பூத்தன. முதல் மூன்று வருடம் பூவைக் கிள்ள வேண்டும். அப்பா கிள்ளினார், மனசில்லாமல்.

சித்தப்பா இப்போது தன் பங்கில் சப்போட்டா வைக்கப் போகிறாராம். கன்றைப் பற்றிக் கேட்டார். முதலில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க மனுக் கொடுங்கள், சீட்டு வாங்க மறக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.