நிமிடத்துக்கு 4 லிட்டர்

நவம்பர் 6, இரவு

தம்பிக்கு எக்மோ மெஷின் வைக்க ஏழு இடத்தில் கையெழுத்து. அப்பாவுக்குக் கை நடுங்கியதால் நான்தான் போட்டேன். ஐந்தாவது தாளில் ‘காலை இழக்க நேரிடலாம்’ என்று இருந்தது. ஏதோ விடியற்காலையைச் சொல்கிறார்கள் என்று தாண்டிப் போய்விட்டேன். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அது கால்.

புதன்கிழமையே கூட்டி வந்திருக்க வேண்டும்.

நவம்பர் 7

பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். தம்பியின் தொடையில் இரண்டு குழாய்கள், என் சுண்டுவிரல் தடிமனில். ஒன்றில் நாவல்பழ நிறத்தில் ரத்தம் வெளியே வருகிறது. இன்னொன்றில் செம்பருத்தி நிறத்தில் திரும்பிப் போகிறது. நடுவில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் மயிரிழை மாதிரி ஆயிரக்கணக்கில் நுண்குழல்களாம். குழலுக்குள் ஆக்ஸிஜன், வெளியே ரத்தம். ஆக்ஸிஜன் ரத்தத்துக்குப் போய்விட, கரியமில வாயு குழலுக்குள் வந்துவிடும். நுரையீரலின் வேலையைப் பெட்டி பார்க்கிறது, இதயத்தின் வேலையைப் பக்கத்திலிருக்கும் பம்ப் பார்க்கிறது.

இதெல்லாம் மெஷினுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த பெர்ஃப்யூஷனிஸ்ட் பெண் சொன்னது. இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கோவை கணபதியில் 30 வருடமாக மோட்டார் காயில் கட்டுகிற எங்கப்பா அவளிடம் கேட்ட முதல் கேள்வி: “ஏனுங்க அம்மிணி, ஆர்.பி.எம். எத்தனைங்க?”

“3,400ங்கப்பா.”

“டெலிவரி?”

“நிமிஷத்துக்கு நாலு லிட்டர்.”

அப்பா தலையாட்டினார். “சென்ட்ரிஃபியூகல்தான் கண்ணு. நம்ம மோனோபிளாக் பம்ப் மாதிரியே.” பெட்டிக்குள்ளேயே வெந்நீர் ஓடி ரத்தத்தைச் சூடாக வைத்திருக்கும் என்று அவள் சொன்னதும் அதற்கு ரேடியேட்டர் என்று பெயர் வைத்துவிட்டார். அப்புறம் கேட்டார்: “கரண்ட் போச்சுன்னா?” பேட்டரி இருக்கிறதாம். “பேட்டரியும் போச்சுன்னா?” மெஷின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருந்தது. அதைப் பிடித்துக் கையாலேயே சுற்றுவார்களாம். மீதி நேரம் முழுக்க அப்பா அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் பக்கம் திரும்பவில்லை.

நான் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி இல்லை. கை வெதுவெதுப்பாக இருக்கிறது, நகம் ரோஸாக இருக்கிறது, நாடி மட்டும் இல்லை. பம்ப் விடாமல் ஒரே சீராகத் தள்ளுவதால் துடிப்பு தெரியாது என்றாள். மானிட்டரில் ரத்த அழுத்தத்தின் சிவப்புக் கோடு கிட்டத்தட்ட நேராக ஓடுகிறது. எண் 64.

அம்மா போனில்: “சாப்பிட்டானா?” சாப்பிட்டான் என்றேன்.

நவம்பர் 8

நேர்கோடு. இடது கால் சில்லென்று இருக்கிறது.

நவம்பர் 9

குழாய் தொடை நாளத்தை அடைத்துக்கொள்வதால் கீழே பாதத்துக்கு ரத்தம் இறங்குவது குறையும். அதற்காக முதல் நாளே ஒரு சின்னக் கிளைக்குழாய் போட்டிருக்கிறார்கள். போட்டும் கால் ஏன் சில்லிடுகிறது? பென்சில் மாதிரி ஒரு கருவியைப் பாதத்தில் வைத்துக் கேட்டார்கள். இங்கே நாடியை நம்ப முடியாது, சத்தத்தைத்தான் நம்ப வேண்டும். உஸ்ஸ்ஸ் என்று, பாத்ரூம் குழாய் சரியாக மூடாத மாதிரி ஒரு சத்தம். “ஓடுது” என்றார் டியூட்டி டாக்டர். கிளைக்குழாய் மடங்கியிருந்ததாம், நேராக்கிவிட்டார்கள். சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன், வலது காலுக்கும் இடது காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. திரும்பத் திரும்பத் தொட்டதில் என் கைதான் சில்லிட்டுவிட்டது.

மாடிப்படி ஏற முடியவில்லை அக்கா என்று புதன்கிழமை சொன்னான். ராத்திரியெல்லாம் போன் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன். சுக்குக் கஷாயம் கொடுத்தேன். தெருமுனை கிளினிக்கில் வாயு என்றார்கள். சாதாரண வைரஸ் காய்ச்சல் இதயத் தசையில் போய் உட்காரும் என்று யாருக்குத் தெரியும்? அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? எனக்கு?

நவம்பர் 10

மாமா வந்தார். எக்மோ என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் மாறிவிட்டது. “ஜெயலலிதாவுக்கு வெச்சாங்க, மறுநாளே... எஸ்.பி.பி.க்கும் வெச்சாங்க...” என்று இழுத்தார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். இந்த ஊரில் எல்லோருக்கும் இந்தச் சொல் 2016 டிசம்பரில்தான் அறிமுகமானது, அப்புறம் 2020. வேறு எப்படி யோசிப்பார்கள் என்று தெரிகிறது, ஆனாலும் கோபம்.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “வீட்டுக்குப் போறவங்க டிவியில வர்றதில்லைங்களே” என்றாள். பெரிய டாக்டர் மழுப்பவில்லை. இதயத்துக்காக எக்மோ வைத்த பெரியவர்களில் பத்துக்கு நாலைந்து பேர் வீடு திரும்புகிறார்கள். தம்பிக்கு வந்த வகையில் கணக்கு அதைவிடக் கொஞ்சம் நல்லது, தசை தானே தேறிவிடும் வாய்ப்பு உண்டு என்றார். “மெஷின் எதையும் குணப்படுத்தாதும்மா. தேறுற வரைக்கும் மத்த உறுப்பெல்லாம் பட்டினி கிடக்காம பாத்துக்கும், அவ்வளவுதான்.”

பத்துக்கு நாலைந்து. நாலா, ஐந்தா?

நவம்பர் 11

இன்சூரன்ஸ் தொகை தீர்ந்தது. பில்லிங் கவுண்டரில் அட்வான்ஸ் கட்டச் சொல்லும் குரல் நாளுக்கு நாள் மரியாதையாகிக்கொண்டே போகிறது. அது இன்னும் பயமாக இருக்கிறது. வளையல் போயிற்று. பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஒன்றரை சென்ட் பற்றி அப்பா யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார்.

நவம்பர் 12, நள்ளிரவு 2 மணி

தூக்கம் வராமல் போனில் படித்துக்கொண்டிருந்தேன். 1930களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டர், நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்த ஒரு பெண்ணின் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். நாடி பார்ப்பதைத் தவிர அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்து, சிவக்க வைத்துத் திருப்பி அனுப்ப முடிந்தால் இவள் பிழைப்பாளே என்று அப்போது தோன்றியதாம். அந்தப் பெண் பிழைக்கவில்லை. அவரும் மனைவியும் சேர்ந்து தெருப்பூனைகளைப் பிடித்து வந்து சோதனை செய்திருக்கிறார்கள். 1953 மே 6இல்தான் அவர் செய்த இதய-நுரையீரல் மெஷினை வைத்து முதல் வெற்றி, 18 வயதுப் பெண்ணுக்கு இதய அறுவை. 26 நிமிடம் மெஷினே அவளுக்காக ஓடியது.

இருபது வருடத்துக்கு மேல், 26 நிமிடத்துக்காக. தம்பிக்கு இன்றோடு ஆறு நாள் ஆகிறது.

நவம்பர் 13

பிளேட்லெட் இறங்கிவிட்டது. பட்டறைப் பையன்கள் நாலு பேர் வந்து கொடுத்தார்கள். மூக்கில் லேசாக ரத்தம். மெஷினில் ரத்தம் உறையக் கூடாது என்று ஹெப்பரின் ஏற்றுகிறார்கள். ஏற்றினால் உடம்பில் கசிகிறது, குறைத்தால் பெட்டியில் கட்டுகிறது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கால் வெளியே தெரியும் போர்வை. அந்தப் பெண் டார்ச் அடித்துப் பெட்டியின் மூலை மூலையாகப் பார்க்கிறாள். ஒரு மூலையில் மிளகு அளவுக்குக் கறுப்பு. “இது நேத்தும் இருந்துச்சு” என்றாள். அதையே ஆறுதலாக எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 14

கோட்டில் மேடு! ரொம்பச் சின்னது, எறும்பு நடந்த மாதிரி. சிஸ்டரைக் கூப்பிட்டேன். ஆமாம் என்றார். நான் அழுதது அப்பாவுக்குத் தெரியாது.

நவம்பர் 15

எக்கோ ஸ்கேனில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் போன வாரம் 10 சதவீதம், இன்று 25. மணிக்கட்டில் ஏதோ இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. என் கட்டைவிரலின் நாடியாகவும் இருக்கலாம்.

இதிலும் ஒரு சிக்கல். இதயம் விழித்துக்கொண்டது, நுரையீரலில் இன்னும் நீர். அதனால் இதயம் தள்ளுவது சரியாக ஆக்ஸிஜன் ஏறாத ரத்தம். மெஷின் ரத்தம் தொடையிலிருந்து மேலே வருகிறது, இதய ரத்தம் அங்கிருந்து கீழே வருகிறது, இரண்டும் நடுவழியில் முட்டிக்கொள்கின்றன. மூளைக்கு முதலில் போவது இதயத்தின் சரக்கு. அதனால்தான் வலது கையில் ஆக்ஸிஜன் பார்க்கிறார்கள், மற்ற இடத்தில் பார்த்தால் ஏமாந்துவிடுவோமாம். 91. வென்டிலேட்டரை ஏற்றினார்கள். 95.

அப்பா: “ரெண்டு மோட்டாரை ஒரே லைன்ல போட்டா அப்படித்தான்.”

நவம்பர் 16

இதயம் தனியாகத் தாங்குமா என்று மெஷினை இறக்கிப் பார்த்தார்கள். நாலிலிருந்து மூன்று, இரண்டு, ஒன்றரை. ஒன்றரை லிட்டரில் அழுத்தம் சரிந்தது. திரும்ப மூன்றரைக்கு ஏற்றினார்கள். ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். என்னத்தச் சாப்பிடுவான், மூக்குக் குழாயில் ஐம்பது மில்லி கஞ்சித் தண்ணி, போதுமா? மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “சரி, கஞ்சியாவது இறங்குதில்ல” என்றாள்.

நவம்பர் 17

கார்த்திகை ஒன்று. 19 வருடத்தில் முதல் முறையாக அப்பா மாலை போடவில்லை. கேட்டதற்குக் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

நவம்பர் 18

மறுபடியும் இறக்கிப் பார்த்தார்கள். ஒன்றரையில் ஒரு மணி நேரம். அழுத்தம் சரியாமல் நின்றது. மயக்க மருந்தைக் குறைத்திருந்ததால் கண் திறந்தான், என்னைப் பார்த்தானா கூரையைப் பார்த்தானா தெரியவில்லை. கால் கட்டைவிரலை அசைக்கச் சொன்னார்கள். வலது அசைந்தது. இடதும் அசைந்தது, கொஞ்சம் யோசித்துவிட்டு.

நாளை காலை குழாயை எடுக்கிறார்கள்.

நவம்பர் 19

ஏழே கால். இன்னொரு கையெழுத்து, இந்த முறை அப்பாவே போட்டார். ஸ்ட்ரெச்சரோடு மெஷினையும் தள்ளிக்கொண்டு போனார்கள், ஐந்து பேர். வார்டில் பிளக்கைப் பிடுங்கியபோது அப்பாவின் கை தானாக அந்தக் கைப்பிடிப் பக்கம் நீண்டது. “பேட்டரியில ஓடுதுங்கப்பா” என்றாள் அவள். லிஃப்ட் கதவு மூடியது.

அம்மா போன் அடிக்கிறாள்.