உள் டேக்குக்கு நேம்ஸ்பேஸ் போடாதீர்கள்: பழைய ஆர்பிசி சோப் சேவையில் பட்ட பாடு

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலைக்கு சாஃப்ட்வேர் பார்க்கிறேன். தோத்தாபுரி வரத்து உச்சத்தில் இருக்கும்போது, லாட் விவரங்களை இனிமேல் நேரடியாகத் தங்கள் சர்வருக்கே அனுப்பச் சொன்னது சரக்கை வாங்கும் கம்பெனி. அங்கே ஓடுவது சோப் 1.1, அதாவது எக்ஸ்எம்எல் மெசேஜ்கள் மூலம் சர்வர்கள் பேசிக்கொள்ளும் பழைய முறை. அதில் ஆர்பிசி லிட்டரல் பாணி: தூரத்து சர்வரில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது போல மெசேஜ் அமையும். பாஸ்வேர்டு, சான்றிதழ் எல்லாம் சட்டென்று முடிந்தது.

அவர்கள் டெக்னிக்கல் டெஸ்க் கொடுத்த மாதிரி மெசேஜில் எங்கள் விவரங்களைப் போட்டு அனுப்பினேன். பதில் 200, அதாவது எல்லாம் சரி. பிழை என்றால் 500 வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆனால் அவர்கள் திரையில் லாட் எண் காலி, எடை பூஜ்யம். போன் செய்தால், "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார், நீங்கதான் டேட்டா அனுப்பல." இத்தனைக்கும் 18,400 கிலோ என்று போனது லாகில் அப்படியே இருக்கிறது! லாட் பதிவாகாமல் லாரியை விட மாட்டார்கள். டிரைவர் அண்ணன் வந்து வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.

டெஸ்க்கை நம்பிப் பயனில்லை என்று, சேவையின் மெசேஜ்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் டபிள்யூஎஸ்டிஎல் ஃபைலை வரி வரியாகப் படித்தேன். ஆர்பிசி பாணியில், மெசேஜின் பாடிக்குள் முதலில் வருவது ஆபரேஷன் பெயரில் ஒரு டேக். பதிலில் அந்தப் பெயரோடு 'ரெஸ்பான்ஸ்' சேரும். நேம்ஸ்பேஸ், அதாவது ஒரு டேக் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம், இந்த வெளி டேக்குக்கு மட்டும்தான். உள்ளே பார்ட்டுக்கு (எடை, லாட் எண் போன்ற ஒவ்வொரு விவரத்துக்கும்) ஒன்றாக வரும் டேக்குகளுக்கு அது இருக்கவே கூடாது; சோப் சேவைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வகுத்த டபிள்யூஎஸ்-ஐ பேசிக் புரொஃபைல் என்ற விதித்தொகுப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. டெஸ்க் கொடுத்த மாதிரியில், வெளி டேக்கில் முன்னொட்டு இல்லாமல் எக்ஸ்எம்எல்என்எஸ் (நேம்ஸ்பேஸை அறிவிக்கும் பண்பு) எழுதியிருந்தார்கள். அப்படி எழுதினால் உள்ளே இருக்கும் எல்லா டேக்கும் அந்த நேம்ஸ்பேஸுக்குள் போய்விடும். சர்வர் தேடிய எடை டேக் வேறு, நாங்கள் அனுப்பியது வேறு என்றாகிவிட்டது. கிடைக்காததைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது.

வெளி டேக்குக்கு 'என்எஸ்1' என்று முன்னொட்டு கொடுத்து, உள் டேக்குகளை வெறுமனே விட்டேன். 18,400 வந்து விழுந்தது. லாரியும் கிளம்பியது.

மாதிரியை நம்பாமல், டபிள்யூஎஸ்டிஎல்லில் மெசேஜ் வடிவத்தைச் சொல்லும் பைண்டிங் பகுதியில் ஸ்டைல் என்னவென்று முதலில் பாருங்கள். பார்ட்டில் 'டைப்' இருந்தால் ஆர்பிசி, 'எலிமென்ட்' இருந்தால் டாக்குமென்ட். அப்புறம், பிரிக்ஸ் (கூழின் இனிப்பு அளவு) இன்னும் அளக்காத லாட் வந்தால் அந்த டேக்கில், மதிப்பு இல்லை என்று காட்டும் எக்ஸ்எஸ்ஐ நில் போடாதீர்கள், பேசிக் புரொஃபைல்படி அதற்கும் இடமில்லை. என்ன மதிப்பு அனுப்புவது என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள். போனில் சொன்னதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

பர்கூர் பக்கம் இன்னொரு ஆலைக்கும் அதே தப்பான மாதிரிதான் போயிருக்கிறது. திருத்திய மெசேஜை அவர்களுக்கு அனுப்பிவிட்டேன்.