ஈரம் காயாத நாட்கள்

ஐப்பசி 22

நாலு நாளாக வெயில் இல்லை. கொடியில் போட்டது போட்டபடி கிடக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் குளிர்காலம் என்றால் கம்பளி போர்த்துகிற குளிர் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, அப்புறம் மார்கழிப் பனி, அவ்வளவுதான். ஆளைப் படுத்துவது குளிரைவிட ஈரம். நாற்றங்காலில் தண்ணீர் நிற்கிறதே, பிள்ளைக்கு ரெண்டாம் தவணை கட்டணுமே, ஆஸ்பத்திரிக்குப் போனவர் என்ன சேதியோடு வருவாரோ என்று ஏற்கெனவே ஆயிரம் இருக்கும். அதோடு நசநசத்த துணியும் நாறுகிற தலையணையும் சேர்ந்தால் வீட்டில் எல்லாரும் எல்லார் மேலும் எரிந்துவிழுவார்கள். ஆகவே முதல் வேலை துணி.

பிழிந்த துணியை உலர்ந்த டவல் மேல் விரித்து, பாய் சுருட்டுகிற மாதிரிச் சேர்த்துச் சுருட்டி, முழங்காலால் நல்லா அழுத்த வேண்டும். கையால் பிழிந்து வராத தண்ணீர் டவலுக்குப் போய்விடும். காய்கிற நேரம் நல்லாக் குறையும். தார்சாவில், அதாவது முன்கூடத்தில், கயிறு கட்டினால் துணிக்கும் துணிக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். சேலையை நாலாக மடித்துப் போட்டால் நடு மடிப்பு காயவே காயாது. பேண்ட், பாவாடையெல்லாம் உள்பக்கம் வெளியே வர, இடுப்புப் பட்டி மேலே இருக்க. டேபிள் ஃபேனைக் கீழே பக்கவாட்டில் வைத்து, எதிர் ஜன்னலை ஒரு சாண் திறந்துவிட வேண்டும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேன் போட்டால் அதே ஈரக் காற்றுதான் அறைக்குள் சுற்றும். அடுக்களையில் கொடி கட்டவே கூடாது. சோறு வடிக்கிற ஆவியும் தாளிப்பு வாடையும் துணியில்தான் போய் ஒட்டும்.

ஒரு பகல் ஒரு ராத்திரிக்குள் காயாத துணியில் கிருமி பெருகுவதால்தான் அந்த நாற்றம். தேய்த்துப் போட்டால் அப்போதைக்கு அடங்கும், வேர்வை பட்டதும் திரும்ப வரும். பருத்தித் துணியானால் கை பொறுக்காத சூட்டு வெந்நியில் சோப்புத் தூளோடு ஒரு மேஜைக்கரண்டி ஆப்பசோடா போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, மறுபடி அலசினால் போகும். சாயம் போகிற துணியை இதில் போட வேண்டாம்.

சாம்பிராணிப் புகை கடைசி வேலை. துணி முக்கால்வாசி காய்ந்த பிறகு, கரித்துண்டு செக்கச் சிவந்து கறுப்புப் புகை அடங்கியதும் சாம்பிராணி தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்துக் கூடை மேல் துணியைப் போடலாம். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கரியை வெளியே கொண்டுபோய்விட வேண்டும். இதமாக இருக்கிறதே என்று கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது உயிருக்கே உலை. கரி கக்குகிற விஷக்காற்றுக்கு வாசனையும் கிடையாது, மூச்சு முட்டுகிற மாதிரியும் தெரியாது.

ஐப்பசி 26

கருப்பட்டி கசிய ஆரம்பிக்கிற பருவம். உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் மழைக்காற்று பட்டால் வேர்த்துவிடும். பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் அந்த ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். ஓலைப்பெட்டியோ மண்பானையோ நல்லது, அடுப்புக்கு மேலே பரணில் இருந்தால் இன்னும் நல்லது. விறகடுப்பு இல்லாத வீட்டில் தாளில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைக்கலாம். கடையில் வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பார்க்கணும். உள்ளே சீனி மாதிரி மினுமினுத்தால் சீனிப்பாகு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சுக்குக் காப்பிப் பொடி: கொத்தமல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு ஒரு மேஜைக்கரண்டி, திப்பிலி நாலு, ஏலம் ஆறு. சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு உரலில் தட்டிய பிறகே மிக்ஸியில் போட வேண்டும். முழுசாகப் போட்டால் பிளேடு போய்விடும். மல்லியை வாசம் வரும் வரை வறுத்தால் போதும். சிவந்தால் காப்பி கசக்கும்.

நாலு டம்ளர் தண்ணீருக்கு ரெண்டு தேக்கரண்டி பொடி, 80 கிராம் கருப்பட்டி. சிறு தீயில் மூன்று டம்ளராக வற்றணும். கருப்பட்டியில் மண்ணும் சுண்ணாம்பும் இருக்கும், துணியில் வடிகட்டாமல் குடித்தால் கடைசி மடக்கு நறநறக்கும். பால் சேர்ப்பவர்கள் சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். பாலைத் தனியே காய்ச்சி, காப்பியை இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டுக் கலக்க வேண்டும். பால் சேர்த்தால் அது சுக்குக் காப்பியே இல்லை என்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கம்தான் நியாயம்.

கார்த்திகை 3

ஊரில் பளீரென்று வெயில். ஆறு மட்டும் செங்காவியாக ஏறுகிறது. தாமிரபரணிக் கரையில் இதை நம்பி ஏமாறக் கூடாது. மேலே மலையில் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் கொட்டினால் இங்கே ஒரு துளி விழாமலே ஆறு பெருகும். நிரம்பினால் பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. செய்தியில் அணை மட்டம் சொல்லும்போது காதில் வாங்கிக்கொள்ள வேண்டிய கணக்கு இது. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டதா என்று டவுன்காரர்கள் விசாரிப்பதும் இதற்காகத்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதற்குப் பிறகு, இந்தப் பக்கம் மழை இரைந்து பெய்தாலே நெஞ்சு படபடக்காத வீடு இல்லை.

படபடப்புக்கு ஒரே மருந்து, செய்ய வேண்டியதை வெயில் இருக்கும்போதே செய்து வைப்பது. குடிக்க, சமைக்க ஆளுக்கு நாலு லிட்டர் வீதம் மூன்று நாளைக்குத் தண்ணீர். ரேஷன் கார்டு, பத்திரம், பாஸ்புக், மாத்திரைச் சீட்டு எல்லாம் ரெட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மச்சில். தீப்பெட்டி ரெண்டு, மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில். அரிசி மூட்டை தரையில் இருந்தால் பெஞ்சு மேலே.

தண்ணீர் கலங்கி வந்தால் தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கத்தில் சொரசொரப்பான இடத்தில் உரசிவிட்டு, தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தால் மண் அடியில் படியும். இதனால் தண்ணீர் தெளியும், சுத்தமாகாது. மேலாக மொண்டு, தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் விட்டு இறக்கினால்தான் குடிக்கலாம்.

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து வடிந்திருந்தால் மெயின் சுவிட்ச் நிறுத்தியிருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் காலை உள்ளே வைக்கக் கூடாது. மெயின் இருக்கிற இடத்திலேயே தண்ணீர் நின்றால் அதையும் தொட வேண்டாம், மின்வாரிய ஆள் வரட்டும்.

கார்த்திகை 6

கரண்ட் போய்விட்டது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட்-மணி. நடைமுறையில் 1200 என்று வைத்துக்கொள்ளலாம். பழைய சீலிங் ஃபேன் ரெண்டு 150 வாட், எல்.இ.டி. பல்பு நாலு 36 வாட், ஆக ஆறு, ஆறரை மணி நேரம். ஃபேனை நிறுத்திவிட்டால் அதே பேட்டரி ஒரு நாள் முழுக்க வெளிச்சம் தரும். குளிர்ந்த ராத்திரியில் ஃபேன் காற்றுக்காகவா ஓடுகிறது, கொசுவுக்காக. ஒரு கொசுவலை வாங்கிவிட்டால் ரெண்டு ஃபேன் மிச்சம். பேட்டரித் தண்ணீரை ஐப்பசி பிறக்கும் முன்பே பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றி வைத்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் தகடு கெடும்.

மிக்ஸி ஓடாத இந்த மாதிரி நாளுக்கென்றே இருக்கிறது உளுந்தம்பருப்புச் சோறு. அரிசி ரெண்டு ஆழாக்கு, தொலி உளுந்தம்பருப்பு முக்கால் ஆழாக்கு, பூண்டு இருபது பல், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒன்று, தேங்காய்த் துருவல் அரை மூடி, உப்பு. உளுந்தைக் கை பொறுக்கும் சூட்டில் வாசம் கிளம்பும் வரை வறுத்து, கழுவி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஆறு ஆழாக்குத் தண்ணீரில் குக்கரில் நாலு விசில். தண்ணீர் குறைந்தால் ஆறினதும் கட்டியாக இறுகும். அப்போது வெந்நி தெளித்துக் கிளறணும், பச்சைத் தண்ணீர் கூடாது. சாப்பிடும்போது நல்லெண்ணெய் தாராளமாக.

கூட எள்ளுத் துவையல். எள்ளு நாலு மேஜைக்கரண்டி, மிளகாய் வற்றல் அஞ்சு, கோலிக்குண்டு அளவு புளி, தேங்காய் ஒரு கைப்பிடி. கறுப்பு எள்ளில் மண் இருக்கும், தண்ணீரில் அரித்து வடித்துவிட்டு வெறும் சட்டியில் வறுக்க வேண்டும். முதலில் சட்டியில் ஒட்டும், அப்புறம் உதிரும், அப்புறம் ஒன்றிரண்டு துள்ளும். படபடவென்று எல்லாம் வெடிக்க ஆரம்பித்த உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிக் கசந்துபோகும். அம்மியில் மிளகாய், உப்பு, புளி, பிறகு தேங்காய், எள்ளு கடைசி. எள்ளை முதலில் வைத்தால் எண்ணெய் கக்கி வழுக்கும், மற்றது அரைபடாது.

கார்த்திகை 11

விளக்கு வைத்த பிறகு வீட்டில் காசு கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று பழைய ஆச்சிமார் சொல்வது லட்சுமிக்காக மட்டும் இல்லை. ராத்திரி பார்க்கிற கணக்கு எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். பால், மருந்து, ஃபீஸ், உரம், வட்டி எல்லாவற்றையும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, வெளிச்சத்தில், ஒரே தாளில், தேதி வரிசையில் எழுதிவைத்துவிட வேண்டும். இந்த வாரம் கட்ட வேண்டியதைக் கோடு போட்டுப் பிரித்து, மற்றதை அந்தந்தத் தேதி வரை தொடாமல் விடலாம். ராத்திரி விழிப்புத் தட்டினால் தாள் இருக்கிறது என்று திரும்பிப் படுக்க ஒரு சாக்கு.

கார்த்திகை 17, திருக்கார்த்திகை

புது அகலைக் காலையிலேயே தண்ணீரில் போட்டு நாலு மணி நேரம் ஊறவிட்டு, எடுத்து உலர்த்தி வைக்கணும். ஊறாத அகல் எண்ணெயைக் குடித்துவிடும். திரி ரெட்டையாகத் திரித்து, நுனியில் எண்ணெய் தடவினால்தான் ஒரே குச்சியில் பற்றும். ஈரக்காற்று அடித்தால் திண்ணை விளிம்பு வேண்டாம், மாடக்குழியில் வைத்தால் நிற்கும்.

ஓலைக் கொழுக்கட்டைக்குப் பனங்குருத்தோலை, இளமஞ்சளாக, ஒரு சாண் நீளத் துண்டுகள். ஈரத்துணியால் ரெண்டு பக்கமும் துடைக்க வேண்டும். வறுத்த பச்சரிசி மாவு ரெண்டு ஆழாக்கு, கருப்பட்டி ஒரு ஆழாக்கு, வறுத்து அரைவேக்காடாக வேகவைத்த சிறுபயறு கால் ஆழாக்கு, தேங்காய்த் துருவல் அரை மூடி, சுக்கு, ஏலம். பாகைக் கம்பிப் பதமெல்லாம் பார்க்க வேண்டாம், கரைந்து ஒரு கொதி போதும். வடிகட்டி, சூடாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைய வேண்டும். மொத்தத்தையும் ஒரே ஊற்றாக ஊற்றினால் மாவு களியாகி ஓலையோடு ஒட்டிக்கொள்ளும். பிடித்தால் பிடிபடணும், தட்டினால் உதிரணும். ஒரு ஓலையில் வைத்து இன்னொன்றால் மூடி, ஓலை நாரால் ரெண்டு இடத்தில் கட்டி, இட்லிப் பானையில் 25 நிமிஷம். வாசம் தெருவுக்கு வந்துவிட்டால் வெந்துவிட்டது. பிரிக்க அவசரப்படக் கூடாது, சூட்டோடு பிரித்தால் பாதி ஓலையில் நின்றுவிடும்.

கார்த்திகை 24

தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைக்கலாம் என்றால் முருங்கைக்காய் விலை கேட்கிற மாதிரி இல்லை. இந்த மாசங்களில் காய்ப்பு குறைவு. முருங்கை இல்லாமலும் உருளை, கேரட், பீன்ஸ், சின்ன உள்ளி போட்டுச் சொதி ஆகும். மூன்றாம் பாலில் காய் வேகணும், ரெண்டாம் பாலில் கொதிக்கணும், முதல் பால் ஊற்றியதும் நுரை கூடும்போதே இறக்கணும். எலுமிச்சை பிழிவது இறக்கி ஆறின பிறகு. இந்த வரிசை தப்பினால் திரிந்த மோர் மாதிரி நிற்கும். தேங்காய்ப்பால் மந்தம் என்பதால் இஞ்சித் துவையல் கட்டாயம்.

மார்கழி 4

மழை விட்டுப் பனி. தரை சில்லென்று இருக்கிறது. வயசானவர்கள் கால் வைக்கிற இடத்தில் பாய் போட்டே ஆக வேண்டும். பத்தமடைப் பாயை மடிக்கக் கூடாது, சுருட்டணும், கோரை மடிப்பில் முறியும். ஈரச் சுவரில் சாய்த்தால் கரும்புள்ளி விழும். புள்ளி விழுந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விரிக்கணும். உச்சி வெயிலில் மணிக்கணக்காகப் போட்டால் கோரை நொறுங்கும், சாயமும் வெளுக்கும்.

மூக்கடைப்புக்கு நொச்சி இலை ரெண்டு கைப்பிடி, கொஞ்சம் மஞ்சள், கொதிக்கிற தண்ணீர். பானையை ஆடாத தரையில் வைத்து, முகம் ஒரு முழம் தள்ளி, அஞ்சு நிமிஷம் ஆவி பிடித்தால் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம், பானை சரிந்தால் போச்சு. வெந்நியில் கால் நனைத்துத் துடைத்து, நல்லெண்ணெய் தடவிப் படுக்க வைத்தால் அவர்களுக்கு அதுவே தூக்கம்.

மார்கழி 25

பனங்கிழங்கு வந்துவிட்டது. கட்டு வாங்கும்போது பருமனாக, தோல் சுருங்காமல், நுனி நீளமாக இருப்பதைப் பார்க்க வேண்டும். தோலை உரித்து, வாலையும் நுனியையும் நறுக்கி, மண் போகக் கழுவி, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் முங்க வைத்துக் குக்கரில் ஆறு விசில். பானையில் ஒரு மணி நேரம் ஆகும். வெந்த தண்ணீரிலேயே ஆறவிட்டால் உப்பு உள்ளே இறங்கும். ரெண்டாகப் பிளந்து நடுக்குருத்தை எடுத்துவிட்டு, நாரைக் கீழிருந்து மேலாக உரிக்கணும். மிளகு, பூண்டு, உப்பு தட்டித் தொட்டுக்கொள்ளலாம். மிஞ்சினதைச் சின்னத் துண்டாக நறுக்கி வெயிலில் போட்டால் மூணு நாளில் கலகலவென்று காய்ந்துவிடும், இடித்து மாவாக்கி வைக்கலாம். மூணு நாளும் வெயில் அடிக்கும் போலத்தான் இருக்கிறது, மொட்டை மாடியில் விரித்தாயிற்று.