பீக் நாட்குறிப்பு: பையில் எது, வயிற்றில் எது

11.10.2025, சனி, பள்ளத்தூர்

இன்றைக்கும் கடற்கரையைத் தாண்டுவதற்குள்ளேயே வாக்குவாதம். பீக் என்பது நாங்கள் நான்கு பேர் ஆளுக்கொரு ஊரிலிருந்து இணையத்தில் சேர்ந்து ஆடும் மலையேற்றக் கம்ப்யூட்டர் கேம். அதில் விமானம் விழுந்த இடத்தைச் சுற்றிப் பெட்டிகள் சிதறிக் கிடக்கும். திறந்து பார்த்து, கிடைப்பதை எடுத்துக்கொண்டு மலையேற வேண்டும். கையிருப்புக்கு மூன்று இடம். முதுகுப்பை கிடைத்தால் அதில் இன்னும் நான்கு. சென்னையில் இருக்கும் தம்பி எல்லா இடத்தையும் ரொப்பிக்கொண்டுதான் பாறையில் கை வைப்பான். சிங்கப்பூர் அயித்தான் கண்ட இடத்திலேயே தின்று தீர்ப்பவர். தேவகோட்டைச் சிநேகிதி யார் பக்கமும் சேரமாட்டாள்.

எனக்கு இந்த கேம் பிடித்துப்போனதற்குக் காரணமே திரையில் தெரியும் அந்த ஒற்றைப் பட்டைதான். ஏறுவதற்கான தெம்பு, பசி, சுமை, காயம், நஞ்சு, குளிர் எல்லாம் அதற்குள்ளேதான். பசி கூடினால் பட்டையில் ஒரு பங்கு போய்விடும். பையில் பொருள் ஏறினாலும் ஒரு பங்கு போய்விடும். அடிபட்டால் சிவப்பு, நஞ்சுக்கு ஊதா. எல்லாம் போக மிஞ்சியதை வைத்துத்தான் ஏற முடியும். ஆகவே சாப்பாடு பையில் இருக்கிறவரை சுமை, வயிற்றுக்குள் போய்விட்டால் தெம்பு. அதற்காக அயித்தான் மாதிரி பசிக்காதபோதே தின்றாலும் பொருள் வீண்தான். பசியின் பங்கு கொஞ்சம் வளரட்டும், நெட்டுக்குத்தான பாறை ஒன்று எதிரே வரட்டும், அப்போது தின்ன வேண்டும். ஏறி முடித்த பிறகு தின்பதில் என்ன லாபம்?

12.10.2025, ஞாயிறு

அப்பச்சியோடு பிரான்மலைக்குப் போய்வந்தோம். கொடுங்குன்றநாதரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து மலையை நிமிர்ந்து பார்த்தேன். பாரியின் பறம்பு இதுதான் என்று இந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். மூவேந்தரும் முற்றுகையிட்டபோது கபிலர் பாடியது நினைவுக்கு வந்தது: உழவர் உழாமலே இந்த மலை நான்கு பயன் தரும் என்பார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். புறநானூற்றில் 109ஆம் பாட்டு.

பள்ளியில் படித்தபோது அதை ஒரு வருணனையாகத்தான் படித்தேன். இன்றைக்கு அது ஒரு கையிருப்புக் கணக்காகத் தெரிந்தது. கீழே எத்தனை நாள் படை காத்துக்கிடந்தாலும் மேலே இருப்பவன் பட்டினி கிடக்கமாட்டான். பாட்டின் வலுவே அதில்தான் இருக்கிறது. பீக்கிலும் கீழிருந்து மூடுபனி ஏறி நம்மை முற்றுகையிடும். அங்கேயும் மலை தானாகவே தருவது உண்டு: தென்னையில் தேங்காய், செடியில் பழங்கள், காட்டில் காளான், தேனடை கூட உண்டு (தேனீக்கள் விரட்டும்). தேங்காயை அப்படியே தின்ன முடியாது, பிள்ளையார்பட்டியில் சிதறுகாய் விடுவது போலப் பாறையில் வீசி உடைக்க வேண்டும்.

மலை தருவதை எதற்குச் சுமக்க வேண்டும்? கடற்கரையிலும் காட்டிலும் பையில் இருக்க வேண்டியது கயிறும் பிட்டானும் (பாறையில் அடிக்கும் ஆணி) பேண்டேஜும்தான். அவை எந்த மரத்திலும் காய்ப்பதில்லை. சாப்பாட்டைச் சுமக்கவேண்டிய காலம் பனிமலைக்கு முன்னால் வருகிறது. ராத்திரி தம்பியிடம் இதைச் சொன்னேன். (எங்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்போம்.) "ஆச்சி, கபிலரைக் கூப்பிட்டுட்டு வந்து என் பையைக் காலி பண்ணுறீகளா" என்றான். ஆனால் இரண்டு தேங்காயைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறினான்.

14.10.2025, செவ்வாய்

சமையல் பற்றி மட்டும். பொருளைக் கையில் பிடித்து நெருப்பில் காட்டினால் பலன் கூடும். கூடுதலாக வாட்டினால் கருகும்; கருகியதைத் தின்றால் நஞ்சு சேரும். பதம் பார்த்து எடுப்பது ஒன்றே வேலை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வரும் கேம்ப்ஃபயரில் நான்கு பேரும் சுற்றி நின்று அவரவர் பொருளை வாட்டிக்கொள்ளலாம். கையடக்க ஸ்டவ் அப்படியில்லை, எரிந்து தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனால் ஸ்டவ்வைப் பற்றவைக்கும் முன்பே யாரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும். பற்றவைத்த பிறகு பையைத் துழாவுகிற ஆளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

எது நல்ல காளான் என்று உறுதியில்லாவிட்டால் ஒருவர் மட்டும் தின்று பார்ப்பது எங்கள் வழக்கம். அதுவும் கேம்ப்ஃபயர் பக்கத்தில், சமதரையில். பாறையில் தொங்கிக்கொண்டு சோதனை செய்யக்கூடாது.

18.10.2025, சனி

வீடெல்லாம் எண்ணெய் மணம். ஆத்தா சீப்புச் சீடையும் மனகோலமும் போட்டுக்கொண்டிருந்தார்கள். எடுபிடி வேலை முடிந்து எட்டு மணிக்கு மேல்தான் உட்கார்ந்தேன்.

இந்த கேமில் மலை தினமும் மாறும். இன்றைக்கு வந்தது பனிமலை. காட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லார் பையிலும் சாப்பாடு ஏற்றினோம். குளிருக்கு ஹீட் பேக் ஒன்று, லாந்தர் ஒன்று. லாந்தரைப் பனிப்புயல் அடிக்கும்போது மட்டும் ஏற்றி நெருங்கி நின்றோம்.

ஆனால் இன்றைய விஷயம் லாலிபாப். அதைத் தின்றால் கொஞ்ச நேரத்துக்குத் தெம்பு குறையவே குறையாது, பிறகு தூக்கம் சுழற்றும். தம்பி அதை உச்சிக்கு என்று பொத்திப் பொத்தி வைப்பான். நான் வேறு மாதிரி செய்யலாம் என்றேன்: கயிறு வைத்திருப்பவருக்கு அதைக் கொடுத்து, மிகக் கடினமான பாறையில் அவரை முதலில் அனுப்புவோம். அயித்தான் தின்றார், நிற்காமல் ஏறினார், மேலே நின்று கயிற்றை இறக்கினார். தூக்கம் வந்தபோது அவர் சமதரையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூவரும் கயிற்றைப் பிடித்து வந்தோம். பிட்டான் ஒன்றும் செலவாகவில்லை. ஒருவர் தின்றது நால்வருக்கும் உதவியது. பொதுப் பொருளை இப்படித்தான் செலவழிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

20.10.2025, திங்கள், தீபாவளி

தம்பி வந்திருக்கிறான். கேம் இல்லை.

22.10.2025, புதன்

தம்பி பட்டாலையில் லேப்டாப்போடு, நான் உள்ளே அறையில். ஒரே வீட்டில் இருந்தாலும் கேமுக்குள் தள்ளிப்போனால் குரல் தேய்ந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் பேச்சுதான் தெளிவாகக் கேட்கும். இன்றைக்கு அதுதான் பெரிய பாடுபடுத்தியது. பேண்டேஜ் எல்லாம் சிநேகிதியின் பையில், அவளோ இரண்டு பாறை முன்னால். அயித்தான் விழுந்து மயங்கிக் கிடக்கிறார். கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கவில்லை. தம்பிதான் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினான். அவனுக்கோ பசி முற்றி, நாங்களெல்லாம் வறுத்த கோழியாகத் தெரிய ஆரம்பித்திருந்தோம். இந்த கேமில் அப்படியும் ஒன்று உண்டு. அந்த நிலையில் கூட வந்தவரையே தின்னவும் முடியும். "ஆச்சி, கிட்ட வராதீக, நிசமாவே கோழியாத்தான் தெரியுறீக" என்று கத்தினான். என்னிடமிருந்த கடைசித் தின்பண்டத்தை அவனுக்கு ஊட்டினேன். எனக்கே பசி பாதிப் பட்டையைத் தின்றிருந்தது, ஆனால் தூக்குகிறவன் நின்றுவிட்டால் இரண்டு பேரும் போய்விடுவார்கள்.

முதுகில் மாட்டிய பையிலிருந்து பின்னால் வருபவர் எடுத்துக்கொள்ளலாம். அதனால் முதுகுப்பைக்காரர் முதல் ஆளாகப் போகக்கூடாது, கடைசி ஆளாகவும் வரக்கூடாது. மருந்து ஒரே ஆளிடம் சேரக்கூடாது. கயிறும் மருந்தும் ஒரே ஆளிடம் இருக்கவே கூடாது.

சனிக்கிழமைக்கு இப்படிப் பிரித்திருக்கிறோம்: கயிறு அயித்தானிடம், முதுகுப்பையும் ஸ்டவ்வும் தம்பியிடம், பிட்டான் சிநேகிதியிடம், ஹீட் பேக் என்னிடம். ஆளுக்கொரு பேண்டேஜ். சாப்பாடு காடு முடியும்வரை மலையின் பொறுப்பு. தம்பி மட்டும் ஒரு தேங்காய்க்கு இன்னும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறான்.